தானாக மட்டத்துக்கு வரும் வண்டி

ஒன்றரை வருடம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் ஆராதனை, அது முடிந்ததும் கார் ஷோரூம். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர், சில வாரம் திருச்சி. என் மனைவி வேதாகமத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஏ.சி. நேராக அடிக்கும் சோபாவாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். அவள் பள்ளி ஆசிரியை. வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு, அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு பார்க்கலை" என்பாள். உண்மைதான். அன்று காபி ஆறுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டு எழுந்தவன் நான்.

நான் மாட்டு டாக்டர். அரசாங்க வேலை இல்லை, தனியாகத்தான் தொழில். இருபத்து நான்கு வருடமாகக் கொட்டில் கொட்டிலாகக் குனிந்து நின்றதில் வலது தோளை முழுதாகத் தூக்க முடியாது. சட்டை மாட்டும்போது மனைவி கை கொடுக்க வேண்டும். "மாட்டு டாக்டருக்கு எதுக்கு சார் இவ்வளவு பெரிய எஸ்யூவி?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களிடம் எல்லாம் எரிந்து விழுந்தேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

காரணம் ஒரு மாடு. கன்று போட்ட மாடு சில சமயம் படுத்துவிடும், எழுந்திருக்காது. ஊசி மருந்துக்கு எழாவிட்டால் ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். படுத்த மாட்டைக் குட்டியானை லாரியில் ஏற்றுவது என்றால் காலில் கயிறு கட்டி ஆறேழு பேர் இழுக்க வேண்டும். ஏறும்போதே பாதி உயிர் போய்விடும். அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லித் தாழ்வான டிரெய்லர் ஒன்று செய்தேன். பின்பக்கத்தை இறக்கினால் தளம் தரையைத் தொடும். மாட்டைப் புரட்டாமல் அப்படியே நகர்த்தி ஏற்றலாம். என் பழைய ஜீப்பில் கொக்கி வைத்து இழுத்தேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கூத்தாநல்லூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை. வீட்டில் அந்த அம்மாவும் ஒரு கறவை மாடும்தான். மாடு முந்தின நாள் கன்று போட்டுவிட்டுப் படுத்திருந்தது. கால்சியம் ஏற்றினேன், எழவில்லை. கன்று ஈனும்போது இடுப்பு நரம்பு நசுங்கியிருக்கும் என்று முடிவுகட்டி, டிரெய்லரில் ஏற்றச் சொன்னேன். அன்றைக்கு இன்னும் மூன்று ஊரில் ஆட்கள் எனக்காகக் காத்திருந்தார்கள்.

மாட்டின் எடை கொக்கியில் இறங்கியதும் ஜீப்பின் பின்பக்கம் குந்திவிட்டது. கூடவே டிரெய்லரின் மூக்கும் குனிந்துவிட்டது. பார்த்தேன், பரவாயில்லை என்று கிளம்பினேன். ஆற்றங்கரைச் சாலையிலிருந்து கீழே இறங்கும் சரிவில் மாடு முன்பக்கம் வழுக்கி, கழுத்து நெஞ்சுக்கடியில் மடங்கிக்கொண்டது. மன்னார்குடி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்திப் பார்த்தபோது மூச்சு இல்லை. அந்த அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். அழவில்லை. மாட்டின் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றிச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்றார். வீட்டில் ஒரு நாள் கன்று பசியோடு நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசி ஆறிப்போயிருப்பேன். அதன் பிறகு அந்தக் கிராமத்திலிருந்து மற்றவர்கள் கூப்பிட்டார்கள். அவர் கூப்பிடவே இல்லை. புது மாடு வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு தடவை அவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. தலையைத் திருப்பிக்கொண்டு போனேன்.

அப்போதுதான் போனில் வெளிநாட்டுக்காரர்கள் குதிரையை டிரெய்லரில் வைத்து இழுக்கும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பெரிய எஸ்யூவி. பின்னால் எடை ஏறினால் கொஞ்சம் அமுங்குகிறது, பிறகு யாரும் தொடாமலே தானாக எழும்பிப் பழைய மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அந்த ஜீப்புக்கு இது இருந்திருந்தால் மாடு பிழைத்திருக்கும். இந்த ஒரு நினைப்போடு தூங்கி இந்த ஒரு நினைப்போடு எழுந்தேன்.

ஷோரூம் பையன்களுக்கு நான் கேட்பது புரியவில்லை. "பின்னாடி எடை ஏத்தினா தானா மட்டத்துக்கு வருமா தம்பி?" என்று கேட்டால், "சன்ரூஃப் இருக்கு சார்" என்பான். கொக்கி எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டால் சீட்டுக்குக் காற்றோட்டம் உண்டு என்பான். ஒருத்தன் மட்டும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது இந்த மாடல்ல வராது சார், வெளிநாட்டுல வர்ற மாடல்ல இருக்கு" என்று உண்மையைச் சொன்னான். அவனுக்கு மட்டும் கை கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் சொல்லுக்கு மசிகிறவன் இல்லை, சோதித்துத்தான் பார்ப்பேன். சட்டைப்பையில் டேப் இருக்கும். பின் பம்பருக்கும் தரைக்கும் இடையே முதலில் அளப்பேன். பிறகு மனைவியையும் கிடைக்கிற ஷோரூம் ஆட்களையும் பின்னால் டிக்கியில் நெருக்கி உட்காரவைத்துத் திரும்ப அளப்பேன். குடிக்கத் தந்த தண்ணீரை டம்ளர் விளிம்புவரை ஊற்றி டிக்கித் தளத்தில் வைப்பேன். எங்கள் பக்கம் வயல் மட்டமா என்று பார்க்கத் தண்ணீரைத்தான் நம்புவோம். கட்டிவிட்டால் மேடு எது பள்ளம் எது என்று அதுவே காட்டிவிடும். டம்ளர் ஒரு பக்கமாகச் சிந்தும். "வேற பார்த்துக்கறேன்" என்று கிளம்பிவிடுவேன். புதுக் கம்பளத்தில் தண்ணீர் கொட்டியதற்காக ஒரு மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மனைவிதான் கைக்குட்டையால் துடைத்தாள்.

அன்று திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள். "அந்த அம்மா மாட்டுக்காகத்தானே இவ்வளவும்?"

நான் கியரை மாற்றினேன்.

"போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்திருந்தா இவ்வளவு பெட்ரோல் செலவாகியிருக்காதுங்க" என்றாள்.

கடைசியில் திருச்சியில், பழைய வண்டி விற்கிறவரிடம் ஒன்று கிடைத்தது. யாரோ ஒரு தொழிலதிபர் ஓட்டி அலுத்துப்போன வண்டி. கறுப்பு நிறம், ஒரு சின்ன வீடு அளவு. பின்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. ஐந்து பேரை டிக்கியில் ஏற்றினேன். பின்பக்கம் மூன்று விரற்கடை இறங்கியது. இன்ஜினை ஓடவிட்டதும் அடியில் ஏதோ முனகியது. பிறகு வண்டி மெதுவாக எழும்பியது. டேப்பை வைத்தேன், பழைய அளவு. டம்ளரில் ஒரு சொட்டு சிந்தவில்லை. இன்னொரு தடவை அளந்து பார்த்தேன். கூட வந்த மெக்கானிக், "ரப்பர் பைதான் சார் அது, வயசாயிடுச்சு. ஒரு நாள் காலையில வண்டி படுத்துக்கும்" என்றார். படுத்ததை எழுப்புவதுதானே என் தொழில் என்று சொல்லிவிட்டு வாங்கிவிட்டேன். இத்தனை நாளில் நான் சிரித்துப் பேசியது அன்றைக்குத்தான் என்று மனைவி பிறகு சொன்னாள்.

கொக்கி வைக்க ஒரு மாதம், டிரெய்லருக்கான காகிதங்களுக்கு அலைந்தது இரண்டு மாதம். எல்லாம் முடிந்து வண்டி வாசலில் நின்றபோது இழுக்க மாடு இல்லை. நான்கைந்து மாதம் எந்த மாடும் படுக்கவில்லை. ஒரு டாக்டர் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கோ எரிச்சலாக வந்தது. அப்படி எரிச்சல்படுகிறேனே என்று ஒரு வெட்கம் அதற்கு மேல். மனைவி அந்த வண்டியில் ஏறுவதற்கு ஒரு முக்காலி வாங்கிவைத்தாள்.

தாளடி நெல் நடவு சமயத்தில் ஒரு காலை போன் வந்தது. பெயர் சொல்லாமலே அந்த அம்மாவின் குரல் தெரிந்தது.

"டாக்டர் சாரா? மாடு படுத்துக்கிச்சு சார். மூணாவது ஈத்து. நேத்து கன்னு போட்டுச்சு. ரெண்டு மூணு பேருக்குப் போட்டுப் பார்த்தேன், யாரும் கிடைக்கலை."

வேறு யாரும் கிடைக்காததால்தான் என்னைக் கூப்பிட்டார் என்பது எனக்கு உறைத்தது. பரவாயில்லை என்று டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் கண்ணாடியில் டிரெய்லரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இந்த முறை மாட்டை உயிரோடு கொண்டுபோய் ஒரத்தநாட்டில் இறக்கிவிட வேண்டும். அவர் கண்ணெதிரே இறக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ஊருக்குள் போய் அவர் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் வாய்க்கால். அதன்மேல் ஒரு சின்னப் பாலம். ஜீப் நூறு தடவை போன பாலம். புது வண்டியின் முன்சக்கரத்தை ஏற்றும் முன் இறங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடிக்கும். ஷோரூம் ஷோரூமாகப் பம்பர் அளந்தேன், கொக்கி அளந்தேன், டிக்கி அளந்தேன். ஒன்றரை வருடத்தில் இந்தப் பாலத்தை அளக்க எனக்குத் தோன்றவில்லை. வண்டியை இக்கரையிலேயே விட்டுவிட்டு மருந்துப் பையோடு நடந்து போனேன்.

அந்த அம்மா கொட்டிலில் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமுடி நரைத்திருந்தது. "வாங்க சார்" என்றார், அவ்வளவுதான். மாட்டின் காது சில்லிட்டிருந்தது. கழுத்தை வயிற்றுப் பக்கம் திருப்பி வைத்திருந்தது, கால்சியம் குறைந்த மாடு படுக்கிற விதம். ரத்தக்குழாயில் கால்சியத்தை மெதுவாக ஏற்றினேன். அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே, மாட்டைப் படுதாவில் வைத்துப் பாலம் தாண்டி இழுக்க ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நெல் காயப்போடும் பெரிய படுதா எதிர்வீட்டில் இருந்தது. ஆட்கள்தான் இல்லை. எல்லோரும் நடவில் இருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரையேறினால்தான் வருவார்கள் என்றார். மணி பத்தரை.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். என் தொழிலில் நான் மறந்துபோன வேலை அது. மாட்டின் விலாப்பக்கம் வைக்கோல் மூட்டையை முட்டுக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் கழித்து இருவருமாக அதை மறுபக்கம் புரட்டினோம். சும்மா இருக்க முடியாமல் இன்னொரு பாட்டிலில் பாதியைத் தோலுக்கடியில் போட்டேன். போனை எடுத்து அடுத்த ஊர்க்காரர்களிடம் இன்று வரமுடியாது என்று சொன்னேன். அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்தார். அன்று செத்த மாட்டின் கன்று எங்கே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் காதைத் தொட்டபோது சூடு வந்திருந்தது. தொடைச் சதை நடுங்கியது. மாடு ஒரு ஏப்பம் விட்டது, சாணி போட்டது. ஒரு மணி சுமாருக்குப் பின்னங்காலை ஊன்றி ஒரு தடவை முயன்று விழுந்தது. இரண்டாவது தடவை எழுந்து நின்றது. தள்ளாடியபடி கன்றைத் திரும்பிப் பார்த்து அடித்தொண்டையில் கூப்பிட்டது.

சேற்றுக் காலோடு படுதாவைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் வந்தார்கள். "என்ன சார், எங்களை வரச் சொல்லிட்டு மாட்டை நிக்க வச்சிருக்கீங்க?" என்று ஒருவர் சிரித்தார். "அப்ப பாலத்தண்டை நிக்கிற கப்பல் எதுக்கு?" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். அவர்கள் போய்விட்டார்கள்.

இன்றைக்குப் பாலை முழுசாகக் கறக்க வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். சரி என்றார். கை கழுவக் கொட்டிலின் ஓரத்துக்கு வந்தேன். அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கும் இப்படிக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா, அது எழுந்திருக்குமா சார்?"

இடுப்பு நரம்பு என்று அன்று சொன்னது நான்தான். அதை இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஜீப் குந்திவிட்டது என்றும் சொல்லியிருக்கலாம், மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதைத்தானே. அன்று பாட்டில் காலியானதும் நான் காத்திருந்தது ஒரு டீ குடிக்கிற நேரம். அதையும் நின்றுகொண்டே குடித்தேன். களைப்பாக இருந்தது, அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது, ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"எழுந்திருந்திருக்கும்மா" என்றேன்.

தண்ணீர் ஒரு நொடி நின்றது. பிறகு செம்பு காலியாகும்வரை ஊற்றினார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கை துடைக்கக் கொடுத்தார். நீங்க என்ன சார் பண்ணுவீங்க என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை.