பொறுமை மாஸ்டர் ரத்து செய்த கார்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனிதரிடம் சொந்தக் கார் ஒன்று இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பொறுமை மாஸ்டரிடம் இல்லை. முப்பத்தொரு வருடமாக அவரிடம் இருந்ததெல்லாம் பயிற்சிக் கார். கூரைமேல் ஒரு பலகை, பின்னால் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை, அவர் உட்காரும் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக், தனியாக ஒரு கிளட்ச். கல்யாண வீட்டு வாசலில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினால், "ஒதுங்குங்கப்பா, யாரோ கத்துக்கிறாங்க" என்று எவனாவது ஒருவன் குரல் கொடுப்பான். மாஸ்டரும் சிரித்து வைப்பார். அவர் மனைவி சிரிக்க மாட்டார். அவரை ஊரில் மாஸ்டரம்மா என்பார்கள்.

பொறுமை என்பது மாஸ்டருக்கு ஊர் வைத்த பெயர். சும்மா ஒன்றும் வைக்கவில்லை. ஒரு வங்கி அதிகாரி எதிரே பஸ்ஸைக் கண்டால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வார். ஒரு பல் மருத்துவர் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று மரக்கடைக்குள் பாதி வண்டியை நுழைத்துவிட்டார். அறுபத்தெட்டு வயதில் வந்து சேர்ந்த ஒரு தலைமை ஆசிரியருக்கு வலது எது இடது எது என்பதிலேயே தகராறு; அவருக்கு நான்கு மாதம் பிடித்தது. யாரிடமும் மாஸ்டரின் குரல் உயர்ந்ததில்லை. "பரவாயில்ல சார், வண்டி எங்கேயும் ஓடிப் போயிடாது. மறுபடி பார்க்கலாம்" என்பார். நிஜமாகவே அப்படித்தான் நினைப்பார்.

அந்தப் பொறுமை மொத்தமும் ஊருக்குத்தான் செலவானது, வீட்டுக்கு மிச்சம் வைக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் அதற்குள் நீங்கள் அவர்மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள்.

கல்யாணமான நான்காவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "எனக்கும் கத்துக்குடுங்களேன்" என்று கேட்டார் மாஸ்டரம்மா. மாஸ்டருக்குச் சந்தோஷம்தான். சந்தைக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குக் கூட்டிப்போனார். மாஸ்டரம்மா கிளட்சை வெடுக்கென்று விட்டார், வண்டி குலுங்கி நின்றது. இரண்டாவது முறையும் நின்றது. மூன்றாவது முறை நின்றபோது மாஸ்டர் கத்தினார்.

"காலா அது, உலக்கையா? ஒரு பொருளைப் பதமா தொடத் தெரியாதா உனக்கு? உனக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது. எறங்கு."

மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாஸ்டரம்மா இறங்கினார். கதவை ஓசைப்படாமல் சாத்தினார். வீடுவரை நடந்தே போனார். ஏன் அப்படிக் கத்தினார் என்று மாஸ்டருக்கே தெரியாது. அடுத்தவர் தப்புச் செய்தால் அது அடுத்தவருடைய தப்பு, தன் மனைவி செய்தால் தனக்கு அவமானம் என்று உள்ளுக்குள் ஏதோ ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். இப்படிக் கணக்குப் போடுகிற ஆண்கள் அவரோடு முடிந்துவிடவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் போகட்டும் என்று இருக்கலாம். மாஸ்டர் அதை ஜோக் ஆக்கினார். சாலை விதிகளுக்கான வகுப்பு அவர் வீட்டு முன்னறையில்தான் நடக்கும். ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கரும்பலகை. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் அதைச் சொல்லியாக வேண்டும். "நாலாயிரம் பேருக்குக் கத்துக்குடுத்திருக்கேன். ஒரே ஒருத்தர்தான் ஃபெயில். உள்ளே டீ போட்டுட்டு இருக்காங்க." எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் டீத் தட்டோடு மாஸ்டரம்மா வருவார், அதற்கு இன்னொரு சிரிப்பு.

அறுபத்தொரு வயதில், போதும் என்று தோன்றியபோது, மாஸ்டர் முதன்முதலாகத் தனக்கென்று ஒரு புதுக் காருக்கு ஆர்டர் கொடுத்தார். பலகை இல்லாத கார், ஒரே ஒரு பிரேக் உள்ள கார். நிறத்தை மட்டும் மாஸ்டரம்மா தேர்ந்தெடுத்தார், கரும்பச்சை. அந்த நிறத்துக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருக்கலாம் என்றார் மாஸ்டரம்மா. மகளுக்கு மலைமேல் ஓர் ஊரில் வேலை. வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில் பஸ்ஸில் உட்கார்ந்தால் மாஸ்டரம்மாவுக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வரும், அதனால் போவதே இல்லை. மாஸ்டர் ஓட்டினால் தலை சுற்றாது. மாதத்துக்கு ஒரு தடவை போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று மகளிடம் போனில் சொல்லியும் வைத்திருந்தார்.

மூன்று மாதம் போனது. மாஸ்டரின் கடைசி மாணவி ஒரு தையல்காரப் பெண். ஒரு நாள் கடைத்தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் சடாரென்று பிரேக் போட்டாள். சந்திலிருந்து ஒரு சைக்கிள்காரன் வந்து, முறைத்துவிட்டுப் போனான்.

"பார்த்தீங்களா மாஸ்டர், நீங்க போடறதுக்கு முன்னாடி நானே போட்டுட்டேன்" என்றாள். முகமெல்லாம் பல்.

"ரொம்ப நல்லது" என்றார் மாஸ்டர். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. அவர் பிரேக் போட மறக்கவில்லை. அந்தச் சைக்கிளை அவர் பார்க்கவே இல்லை.

மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, விரலைக் காதுப் பக்கத்திலிருந்து முன்னால் கொண்டுவந்து, எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டார். விரல் கன்னத்தைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. கடைசியில் கண் மருத்துவரிடம் போனார். அவரும் மாஸ்டரிடம் படித்தவர்தான்.

"ஓரம் போயிடுச்சு மாஸ்டர். நேரே இருக்கிறது நல்லாத் தெரியும், பக்கத்துல வர்றது தெரியாது. போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். ஆனா இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. நான் சொல்லி நீங்க கேக்க வேண்டிய நேரம் இது."

வீட்டுக்கு வந்து சொன்னார். மாஸ்டரம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார். மருந்து, சொட்டு, அடுத்த பரிசோதனை எல்லாம் விசாரித்தார். பிறகு கேட்டார்: "அப்ப வண்டி?"

"வேணாம்னு எழுதிக் குடுத்துட வேண்டியதுதான். டெலிவரி எடுத்து வாசல்ல நிறுத்தித் தூசி தட்டவா?"

மாஸ்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்திருக்கும்.

"நான் கத்துக்கட்டுங்களா?"

"இந்த வயசுலயா? கையைக் காலை ஒடைச்சுக்கிறதுக்கா?"

யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது. அறுபத்தெட்டு வயதுத் தலைமை ஆசிரியரோடு நான்கு மாதம் மல்லுக்கட்டியவரின் வாய்! மாஸ்டரம்மாவுக்கு ஐம்பத்தைந்துதான்.

"சரி, எழுதிக் குடுத்துடுங்க" என்றார் மாஸ்டரம்மா. குழாயைத் திறந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவினார்.

எழுதிக் கொடுக்க மாஸ்டருக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். திங்கட்கிழமை டெலிவரி என்று ஷோரூமிலிருந்து போன் வந்த பிறகுதான், சனிக்கிழமை காலை, இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள்.

ஷோரூமில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண், எட்டு வருடத்துக்கு முன் மாஸ்டரிடம் கற்றவள். அவர்களைக் கண்டதும் எழுந்து வந்து நாற்காலி இழுத்துப் போட்டாள். வண்டி வந்துவிட்டது, கழுவித் துடைத்துத் தயாராக நிற்கிறது, திங்கள் காலை பத்து மணிக்கு வந்தால் போதும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். மாஸ்டர் அவள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, விஷயத்தைச் சொன்னார். அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மாஸ்டர் 'சொந்தக் காரணம்' என்று எழுதினார்.

"கரும்பச்சைதான் வேணும்னு ஒரு குடும்பம் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க. நீங்க கையெழுத்துப் போட்டா நான் இப்பவே அவங்களைக் கூப்பிட்டுடுவேன். அதனால கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க மாஸ்டர். வீட்டுல வேற யாரும் ஓட்ட மாட்டாங்களா? அம்மா?"

"நாலாயிரம் பேர்ல..." என்று ஆரம்பித்துவிட்டார் மாஸ்டர். பழக்கம். பாதியில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். முன்னறையில் இதே ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தவள் இன்றைக்குச் சிரிக்கவில்லை. மாஸ்டரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அங்கேயே பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை, வெட்கத்தை மறைக்க அவசர அவசரமாகக் கையெழுத்தைப் போட்டார். அவள் எழுந்துபோய் அந்தக் குடும்பத்துக்குப் போன் செய்தாள்.

திரும்பி வந்து, "வண்டியை ஒரு தடவை பார்த்துட்டுப் போறீங்களா?" என்றாள்.

மாஸ்டர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "பார்க்கலாம்மா" என்றார் மாஸ்டரம்மா.

பின்கட்டில், வரிசையாக நின்ற கார்களில் கடைசியாக நின்றது அது. நிழலில் கறுப்பாகத் தெரிந்தது, வெயில் பட்ட பக்கம் பச்சை. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மாஸ்டரம்மா நேராக ஓட்டுபவர் பக்கத்துக் கதவுக்குப் போனார். அந்தப் பெண் திறந்துவிட்டாள். மாஸ்டர் மறுபக்கம் சுற்றிவந்து, முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்த பக்கத்தில் உட்கார்ந்தார். கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. அங்கே வெறும் தரைதான்.

மாஸ்டரம்மா இருக்கையை இரண்டு பல் முன்னால் இழுத்தார். கிளட்சை முழுதாக மிதித்து, முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கிறதா என்று பார்த்தார். பெல்ட்டைப் போட்டார். உள்கண்ணாடி, பிறகு பக்கத்துக் கண்ணாடிகள். ஹேண்ட்பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார். கியரை ஆட்டி நியூட்ரல்தானா என்று உறுதி செய்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எந்த வார்த்தைகளுக்கு அசைகிறது என்று மாஸ்டருக்குத் தெரிந்தது, எல்லாம் அவருடைய வார்த்தைகள். முதல் கியரைப் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்து, பாதியில் காலை நிறுத்திப் பிடித்தார். வண்டி ஓடவில்லை, சாவி வெளியே அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. ஆனால் கால் நின்ற இடம் சரியான இடம். அந்த இடத்தைக் காலுக்குப் புரியவைக்க மாஸ்டரின் மாணவர்களில் பாதிப் பேர் ஒரு வாரம் திண்டாடுவார்கள்.

"எங்கே கத்துக்கிட்டே?" என்றார் மாஸ்டர்.

"எங்கேயும் போகலைங்க. முன்னறையில நீங்க சொல்றது உள்ளே கேக்கும்ல. பாத்திரம் கழுவும்போது கீழே காலால செஞ்சு பார்ப்பேன்."

"எத்தனை வருஷமா?"

"நீங்க சொல்லிக்குடுத்த வருஷமெல்லாம்."

 மாஸ்டர் கதவைத் திறந்து, வெளியே நின்ற பெண்ணிடம், "அம்மா, அந்தப் படிவத்தைத் திருப்பித் தர முடியுமா?" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவங்க கிளம்பி வந்துட்டு இருக்காங்க மாஸ்டர். நான் வாக்குக் குடுத்துட்டேன். வேணும்னா புதுசா ஆர்டர் போடலாம், இதே நிறம், அஞ்சு மாசம் ஆகும்."

மாஸ்டர் இந்தப் பக்கம் திரும்பினார். முழுதாகத் திரும்பினால்தான் மனைவியின் முகம் தெரிந்தது.

"அஞ்சு மாசம் போதும். அதுக்குள்ள லைசென்ஸே எடுத்துடலாம். என்னால இனிமே பக்கத்துல உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்டேஷன் பக்கம் ஒருத்தர் இருக்கார், நல்ல மாஸ்டர். நானே கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துவிடறேன்."

மாஸ்டரம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் மாஸ்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அவர்கிட்ட கத்துக்கிறதுன்னா எப்பவோ போய்க் கத்துக்கிட்டு இருப்பேங்க. எனக்கு உங்ககிட்ட கத்துக்கணும்னு இருந்துச்சு. என்னைக்காவது ஒரு நாள் நீங்களா கூப்பிடுவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார் மாஸ்டர்.

"ஆமா" என்றார் மாஸ்டரம்மா. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். பெல்ட்டைக் கழற்றினார். வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, இறங்குவதற்கு முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவைத்தார்.