ஃபேர்வெல் பாடகி

அந்தமானில் ஹட் பே என்னும் எங்கள் துறைமுக ஊரில் ஆட்களை அழவைக்கும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம்தான் இருக்கிறது. எழுத்தில் உத்தரவு எதுவும் கிடையாது. மத்திய அரசின் ஒரு சின்ன அலுவலகம் எங்களுடையது, பதினோரு பேர். தீவிலேயே பிறந்தவர்கள் நானும் பியூனும் மட்டும். மற்றவர்கள் மெயின்லாண்டிலிருந்து மாற்றலில் வருவார்கள். வந்த நாளிலிருந்து கிளம்பும் நாளை எண்ணுவார்கள். திரும்பிப் போக உத்தரவு வந்ததும் இந்தத் தீவைப் பிரிய மனசே இல்லை என்பார்கள். அவர்களுக்கு நாங்கள் ஃபேர்வெல் வைப்போம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சமோசா, மாலை, பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம், கடைசியில் என் பாட்டு. பாட்டு முடிவதற்குள் போகிறவர் கைக்குட்டையைத் தேட வேண்டும். தேடவில்லை என்றால் விழா தோல்வி, சமோசாவும் வீண்.

ஒரு பாட்டு எப்படி ஆளை அடிக்கிறது என்பதை நான் கரைத்துக் குடித்தவள். முதலில் சொல் இல்லாத ஹம்மிங் வேண்டும். கேட்கிறவர் தன் சொந்த சோகத்தைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொள்ள அந்த அவகாசம். பல்லவியில் யாராவது போயாக வேண்டும். ரயிலில் போனாலும் சரி, பாடையில் போனாலும் சரி. முதல் சரணத்தில் மழை. இரண்டாவது சரணத்தில் அம்மா. அம்மாவை வருடத்துக்கு ஒரு தடவை லீவில் போய்ப் பார்த்து, அந்த லீவிலும் பாதியை மாமியார் வீட்டில் கழித்துவிட்டு வரும் ஆண்கள்தான் அந்த இடத்தில் முதலில் விழுவார்கள். செய்யாமல் விட்டதற்கெல்லாம் மெட்டுப் போட்டால் அதுதான் சோகப் பாட்டு. இது என் ஆராய்ச்சி முடிவு, யாருக்கு வேண்டுமானாலும் இலவசம்.

மொழிகூடத் தேவையில்லை. எங்கள் ஆபீசர் வங்காளி. தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வணக்கம்', 'சாம்பார்' இரண்டும்தான். ஆனால் நான் பாடினால் முதல் வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார். முடிந்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "மேடம், யே மா கா கானா ஹை நா?" அம்மா பாட்டுதானே என்று அர்த்தம். நானும் ஒவ்வொரு முறையும் "ஹான் சார், மா கா" என்பேன். வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போன பெண்ணை ஒருத்தன் திட்டித் தீர்க்கும் பாட்டுக்குக்கூட அப்படித்தான் சொன்னேன். அவர் உடனே கல்கத்தாவுக்கு போன் போட்டு அம்மாவிடம் பேசினார். என்னால் ஒரு கிழவிக்கு நல்லது நடந்தது.

நான் மட்டும் அழுததில்லை. பரோட்டா மாஸ்டர் தின்றுகொண்டே பரோட்டா போட முடியுமா?

இந்தத் தலைக்கனம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரி. எங்கள் அலுவலகத்தில்தான் வேலை, எனக்கு எதிர் மேஜை. ஏழு வருடம் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். மேலே காற்று வர ஓட்டை வேறு. அவள் வீட்டில் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஐந்தரைக்கு அரை மணி நேரம் தண்ணீர் வரும். அப்போது டிரம்மை நிரப்பிக்கொண்டே அவள் பாடுவாள்.

பாடுவாள் என்றா சொன்னேன்? சுருதி ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். தாலாட்டு மாதிரி ஆரம்பித்து, பழைய பேப்பர்க்காரன் குரல் மாதிரி முடியும் ஒரே ஒரு பாட்டு. சொற்கள் கிடையாது; வெறும் 'ம்ம்', நடுநடுவே 'லல்லா'. அது என்ன பாட்டு என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கும் தெரியாதுட்டி. சின்னப் பிள்ளைல எங்கயோ கேட்டது. நல்லா இருக்குல்லா?"

"அரே அக்கா, தண்ணியே பயந்து நின்னுடும்."

"நிக்கட்டும். ஒனக்கு ரெண்டு குடம் நான் தாரேன்."

எங்கள் வீட்டில் என்னை ஒருமையில் கூப்பிட இப்போது ஆள் இல்லை. அலுவலகத்தில் நான் மேடம், கடைத்தெருவில் இந்தி அக்கா, 'தீதி'. 'ஏட்டி' என்று கூப்பிட இந்தத் தீவில் இருந்தது அவள் ஒருத்திதான்.

போன பொங்கலுக்கு அலுவலகத்தில் விழா. நான் மைக்கில் பாடிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் அவளும் பக்கத்தில் வந்து நின்று சேர்ந்து பாட ஆரம்பித்தாள், அந்தக் காலை ஐந்தரை மணிக் குரலில். எனக்கு என் பாட்டு கெட்டுப்போகிறதே என்ற பதற்றம். மைக்கைக் கையால் பொத்தினேன். பொத்தியது சரியாகப் பொத்தவில்லை. "அக்கா, ப்ளீஸ், நீங்க கை மட்டும் தட்டுங்க" என்று நான் சொன்னது ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாட்டு முடியும்வரை கை தட்டினாள், தாளம் தப்பாமல்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மைக் வைத்துக் கெட்டேன்.

அடுத்த தண்ணீர் நாளன்று சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கடுத்த முறையும் அப்படியே. அலுவலகத்தில் அவள் சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. "இந்த ஃபைலைப் பார்த்துட்டீங்களா மேடம்?" என்றாள். அவ்வளவுதான். 'ஏட்டி' போய்விட்டது. 'ங்க' வந்துவிட்டது. மரியாதை கொடுத்தே ஒருத்தியைக் கொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒருதடவை மீன் குழம்பு கொடுத்தேன். கிண்ணத்தைக் கழுவி, சர்க்கரை போட்டு, "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்படியே ஆறு மாதம் ஓடியது. பிறகு அவளுக்கு ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

அவள் அந்த 'மேடம்' என்ற சொல்லோடு கப்பல் ஏறிவிட்டால், எனக்கு அது ஆயுசுக்கும் அப்படியே நின்றுவிடும். அதற்குள் ஒரே ஒரு 'ஏட்டி'யை வாங்கிவிட வேண்டும். வாயால் கேட்கத் துப்பில்லாத நான் என் ஆயுதத்தை நம்பினேன். ஃபேர்வெலில் நான்தானே பாடப்போகிறேன்? அவளை அழவைத்துவிட்டால் போதும். அழுகிறவள் கட்டிப்பிடிப்பாள், கட்டிப்பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் ஊரில் கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாது. அதனால் டிக்கெட் கையில் வந்த அன்றே ஃபேர்வெலை முடித்துவிடுவது வழக்கம். நான் என் கையிருப்பில் இருந்ததிலேயே ஆளை மோசமாக அழவைக்கும் பாட்டை எடுத்தேன். மழை, ரயில், அம்மா, தங்கை, அணைந்துபோகும் விளக்கு, எல்லாம் ஒரே பாட்டில். ஆபீசர் குலுங்கினார். பியூன் வெளியே ஓடினார். சமோசா கொண்டுவந்த கடைக்காரர் நின்று அழுதார். அவருக்கு யார் போகிறார் என்றே தெரியாது. அக்கா மட்டும் பரிசாக வந்த கடிகாரத்தில் மணி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா பாடுனீங்க மேடம்" என்றாள்.

மறுநாள் கடல் சரியில்லை என்று கப்பல் கேன்சல். கண்ணீரோடு வழியனுப்பப்பட்டவள் காலையில் டிபன் டப்பாவோடு அலுவலகத்துக்கு வந்து நின்றாள். நேற்று அழுதவர்கள் எல்லாரும் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

அடுத்த டிக்கெட் வந்தது. மறுபடி ஃபேர்வெல் வைக்காவிட்டால் மரியாதை இல்லை என்றார் ஆபீசர். இன்னொரு பரிசு வாங்குவதும் நியாயமில்லை. எனவே அவளிடமிருந்த அதே கடிகாரத்தை வாங்கி, புதுக் காகிதம் சுற்றி, அவளுக்கே கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். நான் இரண்டாவது குண்டைப் போட்டேன். இந்தமுறை அனாதைப் பிள்ளை, ஆற்றில் வெள்ளம். ஆபீசர் கொஞ்சம் அழுதார். மற்றவர்கள் மரியாதைக்கு அழுதார்கள். அக்கா கை தட்டினாள். கை மட்டும்தான் தட்டினாள். அந்தக் கைதட்டல் எனக்கு எங்கே போய் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கப்பலும் வரவில்லை.

மூன்றாவது முறை முன்னறிவிப்பே இல்லை. கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது, ஏழு மணிக்குள் வரவேண்டும் என்று விடியற்காலையில் அக்காவுக்குப் போன். அன்று தண்ணீர் நாள். போகிற போக்கிலும் அக்கா அடுத்து வரப்போகிறவர்களுக்காக டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் நான் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். வாயில் ஏதோ ஓடுகிறது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவளுடைய பாட்டு. சுருதி விலகும் இடத்தில் விலகி, பேப்பர்க்காரன் குரலில் முடிந்தது. ஏழு வருடக் கேள்வி ஞானம், ஒரு தப்புக்கூட விடாமல் மனப்பாடம் ஆகியிருந்தது. அதில் மழை இல்லை, ரயில் இல்லை, அம்மா இல்லை. சொல்லே இல்லை. நான் குடத்தின் மேல் குனிந்து விக்கி விக்கி அழுதேன். இவள் இல்லாமல் நான் இங்கே என்ன செய்யப்போகிறேன் என்று அழுதேன்.

அந்தப் பக்கம் குழாய் நின்றது. அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'கிளம்புகிற நாளிலும் இவள் என்னைக் கேலி செய்கிறாள்' என்று அக்கா நினைத்திருப்பாளோ? போகலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கடைசியில் கதவைத் திறந்தேன். ஆட்டோ அவளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தது.

முகத்தைக் கழுவி, பஸ் பிடித்துத் துறைமுகத்துக்குப் போனேன். அலுவலகமே அங்கே இருந்தது. மூன்றாவது தடவை என்பதால் மாலை இல்லை, சமோசா இல்லை. யாரிடமும் கண்ணீர் ஸ்டாக் இல்லை. அக்கா கப்பல் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். ஆபீசர் என்னைப் பார்த்ததும், "ஏக் ஆக்ரி கானா, மேடம்!" என்றார். கடைசியாக ஒரு பாட்டு வேண்டுமாம்.

பாடினேன். பாட்டை ஆரம்பித்து ஐந்து நொடிக்குள் என் மானம் கப்பலேறியது. ஹட் பேயின் பாடகி, துறைமுகத்தில் அத்தனை ஜனங்களுக்கு நடுவில், மூக்கடைத்த குரலில், சுருதியே இல்லாமல் 'ம்ம் லல்லா' என்று கத்திக்கொண்டிருந்தாள். பியூன் பரிதாபமாகப் பார்த்தார். மூட்டை தூக்கிக்கொண்டு போன ஒருவர் நின்று, இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. படியில் ஏறிக்கொண்டிருந்தவள் நின்றாள். பிறகு திரும்பினாள்.

"ஏட்டி! தப்பா பாடுத! ரெண்டாவது வரி மேல போவாது, கீழ எறங்கணும்!"

பின்னால் வந்தவர்கள் நெருக்க, அவள் மேலே ஏறிப் போய்விட்டாள். நான் இரண்டாவது வரியைக் கீழே இறக்கிப் பாடினேன். கப்பல் நகரும்வரை பாடினேன். என்னைத் தவிர ஒருவரும் அழவில்லை.

திரும்பி நடக்கும்போது ஆபீசர் தொண்டைக்குத் தேனும் வெந்நீரும் நல்லது என்றார். கொஞ்ச தூரம் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "யே பீ மா கா கானா தா?"

"நஹீ சார். பானி பர்னே கா" என்றேன். தண்ணீர் பிடிக்கிற பாட்டு. அவரிடம் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். மனுஷர் நம்பவே இல்லை.