மேற்குப் பார்த்த கோல்

கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியில் என் மகள்தான் கோல்கீப்பர். சீசனின் இரண்டாவது ஆட்டமே போன வருடம் கோப்பை வாங்கிய அணியோடு. நம் அணியின் பலத்தை எடைபோட, ஒரு வாரமாகப் பயிற்சியைப் பார்த்து டைரியில் எழுதிவந்தேன். முன்வரிசை வேகம். நடுவில் நிதானம் போதாது. கோல்கீப்பர், உயரப் பந்துகளில் பலவீனம்.

கடைசி வரியை அவள் படித்துவிட்டாள்.

"நேராச் சொல்லுப்பா. நான் நிக்கட்டுமா, ஜூனியர்கிட்ட க்ளவுஸக் குடுத்துடட்டுமா?"

"அடுத்த சனிக்கிழமை சொல்றேன்."

"ஏன், ராகுகாலம் பாக்கணுமா?"

அடுத்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்ட், மதியம்தான் வேலை. அதனால் முதன்முறையாகக் காலைப் பயிற்சிக்குப் போக முடிந்தது. மரங்களுக்குப் பின்னால் அனல்மின் நிலையக் குளிர்கோபுரத்து ஆவி வெள்ளையாக அசையாமல் நின்றது. உயரே போன பந்துகள் அந்த வெண்மையில் கரைந்து, மறுபடி உருவாகி, தூக்கத்தில் இறங்குவதுபோல் மெல்ல இறங்கின. ஒவ்வொன்றும் அவள் கைகளில் வந்து அடங்கியது.

வீட்டுக்கு வந்து டைரியைப் புரட்டினேன். முதல் ஷிப்ட் வாரம். எல்லாக் குறிப்பும் மாலை ஐந்தரை. அவள் நிற்பது மேற்குப் பார்த்த கோல். ஆட்டம் நடக்கும் மைதானத்திலோ கோல்கள் வடக்கும் தெற்குமாக இருக்கின்றன.

"கண்ணுல வெயில் அடிக்குதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, சாக்குச் சொல்றான்னு அதையும் எழுதியிருப்ப."

எழுதியிருப்பேன்தான். அந்த வரியை அடித்துவிட்டு, "நீயே நில்லு" என்றேன். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.