அருக்காணியம்மாளின் வலது கை

அருக்காணியம்மாள் எதையும் எடுத்துக் கொடுக்கமாட்டார், தள்ளுவார். சாப்பிட்டு முடித்த தட்டு மேசைமேல் சறுக்கிக்கொண்டு என் பக்கம் வரும். மாத்திரை வேண்டாம் என்றால் மாத்திரை டப்பா வரும். மடியில் ஏறப் பார்க்கிற பூனையும் அப்படித்தான் போகும், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரே தள்ளு. டம்ளரை வாங்கும்போது மட்டும் வேறு பழக்கம். முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பச்சைத் தண்ணீரானாலும் தொட்டுப் பார்ப்பார். அதன் பிறகுதான் உள்ளங்கை.

“கையில எடுத்துக் குடுத்தா என்னவாம்?” என்று கேட்டேன்.

“தள்ளுனா வந்துருமுங்க அம்மிணி. தூக்குனாத்தான் ஒடையும்.”

அறுபத்தாறு வயது. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். தில்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் பேச்சில் ஒரு எழுத்துக்கூட இடம் மாறவில்லை. லக்ஷ்மிபாய் நகரில், மகன் ராஜசேகரனின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், தரைத்தளத்து முன்னறைக் கட்டில் அவருடையது. மகனுக்கு மத்திய அரசு அலுவலகம். மருமகள் ஜனக்புரியில் வங்கி வேலைக்கு விடியற்காலையிலேயே பஸ் பிடிக்க வேண்டும். பேத்தி செல்வி கல்லூரியில் படிக்கிறாள். கல்லூரி இல்லாத நேரமெல்லாம் ஆத்தாவுக்குத்தான்.

தீபாவளி கழிந்த வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து அருக்காணியம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து ஆணி வைத்து அனுப்பினார்கள். இனி மெல்ல மெல்ல நிற்கலாம், காலில் பாரம் கொடுக்கலாம் என்றார் டாக்டர். அருக்காணியம்மாள் கொடுக்கவில்லை. பாதம் தரையில் பட்டதும் மேலே இழுத்துக்கொண்டார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸ் நான். தினமும் வந்து பாருங்கள் என்று ராஜசேகரன் கேட்டுக்கொண்டதால் போனேன்.

இடுப்பு முறிந்த வயதானவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுந்தவர்கள் இருப்பார்கள். குளிர்காலம் முழுக்கப் படுத்தே கிடந்தவர்களுக்கு முதலில் முதுகில் புண் வரும், பிறகு நெஞ்சில் சளி கட்டும், பிறகு ஊருக்குத் தந்தி போகும். இதை ராஜசேகரனிடம் பூசி மெழுகாமல் சொன்னேன். ஜனவரியில் டாக்டரிடம் காட்டப் போவதற்குள் அம்மா நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்புறம் நிற்கமாட்டார். அவர் முகம் வெளுத்தது. அருக்காணியம்மாளிடமும் அதையே சொன்னேன். அவர் முகம் வெளுக்கவில்லை.

“நா ஓடி முடிச்ச வண்டியம்மிணி. ஷெட்டுல விட்டுப்போடுங்க.”

பிடித்துக்கொண்டு நடப்பதற்காக நான்கு கால் உள்ள அலுமினிய வாக்கர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். பளபளவென்று சுவரோரம் நின்றது. ஒவ்வொரு நாளும் அதைக் கட்டிலருகே கொண்டுவந்தேன். ஒவ்வொரு நாளும் அது தள்ளப்பட்டது.

“இந்தக் கூண்டுக்குள்ள நானெதுக்கு நிக்கோணும்? கோழியா நானு?”

செல்வி சிரித்துவிடுவாள். “ஆத்தா, ப்ளீஸ் ந! ஜல்தி ஜல்தி ரெண்டு ஸ்டெப், போதும்!” என்று கெஞ்சுவாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அவ்வளவுதான். பெட்பேன் வைப்பது, முதுகு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் இரண்டே நாளில் என்னைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பயிற்சிக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் முதல் மாதம் அவ்வளவு செய்தது கிடையாது.

அருக்காணியம்மாளின் இன்னொரு விசித்திரம், கரிப்புகை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபி அம்மாள் காலையில் கொல்லைப்புறத்தில் அங்கீட்டி அடுப்பில் கரி போட்டுப் பற்றவைப்பார். புகை நேரே இந்த ஜன்னலுக்கு வரும். மருமகள் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அவள் தெருமுனை திரும்பியிருக்கமாட்டாள், “தெறந்து உடு கண்ணு” என்று குரல் வரும். செல்வி திறப்பாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார்.

“புகை நெஞ்சுக்கு ஆகாது” என்றேன்.

“பொகையில்லீங் அம்மிணி. எங்கூட்டுக்காரரு வாசம்.”

செல்வி என்னைப் பார்த்தாள். நான் செல்வியைப் பார்த்தேன். கணவர் இறந்து ஒன்பது வருஷமாகிறது. பெயரை அவர் சொல்லமாட்டார். “தாதா நேம் பழனியப்பன்” என்று செல்விதான் சொன்னாள். அரசாங்க அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவர்.

மத்தியானம் வெயில் விழும் இடத்துக்குக் கட்டிலை இழுத்துப்போட்டு எண்ணெய் தேய்ப்பது என் வழக்கம். அப்போதுதான் அந்த வலது கையைச் சரியாகப் பார்த்தேன். உள்ளங்கைத் தோல் பளபளப்பாக, ரேகையே இல்லாமல் இருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கி இறுகியிருந்தன. பழைய தீக்காயம்.

“அடுப்பில சுட்டதா?”

“பஸ்ஸுல சுட்டது.”

“பஸ்ல எப்படி, ஆத்தா?” என்று செல்வி பிரம்பு மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். சொல்லச் சொல்லக் காலைத் தூக்கி இறக்க வேண்டும். கால் நின்றால் நான் எழுந்து போய்விடுவேன். அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கால் உயர்ந்தது.

“அப்பச் சண்டக் காலமுங்க. பெட்ரோல் பூராம் பட்டாளத்துக்குப் போயிருச்சு. பஸ்ஸுக்குப் பின்னால பெரிய இரும்புப் பீப்பாய மாட்டி, உள்ள கரியப் போட்டு எரிச்சு, அந்தக் கேஸுலதான் ஓட்டுனாங்க.”

அப்படிப்பட்ட பஸ்களை நானும் பார்த்திருக்கிறேன். மேடு வந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். அருக்காணி அப்போது கோயமுத்தூர் மில் ஒன்றில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பஸ் மேட்டில் நின்றதும் கண்டக்டர் கத்துவார்: “ஆம்பளைங்கெல்லாம் எறங்கித் தள்ளுங்கோ! பொம்பளைங்க ஒக்காந்துக்குங்கோ!” ஒருநாள் இவரும் இறங்கினார்.

“நீங்க ஏன் எறங்கினீங்க?”

“நேரமாச்சுன்னா மில்லுக் கேட்டச் சாத்திப்போடுவாங்க. ஒக்காந்துட்டிருந்தா ஆச்சா?”

இறங்கியவர் நேரே போய்க் கையை வைத்தது பீப்பாயின் மேல். கரி போட்டு, கைப்பிடியைச் சுற்றி நெருப்பை ஊதிவிடுகிற கிளீனர் பையன் ஒரே தாவாகத் தாவி, மணிக்கட்டைப் பிடித்து, ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர் டின்னுக்குள் கையை அழுத்தினான். அழுத்தியபடியே திட்டினான்: “கழுத! பொறங்கையில தொட்டுப் பாத்துட்டுக் கைய வெக்கத் தெரியாதா?”

“மொதமொதப் பேசுன பேச்சே கழுதைங்க” என்று அருக்காணியம்மாள் சிரித்தார். கால் நின்றது. நான் எழுந்தேன். கால் மறுபடி உயர்ந்தது.

அந்தப் பையன் செய்தது சரியான முதலுதவி. அந்தக் காலத்தில் மாவையும் மையையும் அப்பி அழுகவிட்டவர்கள்தான் அதிகம். ஆனால் ஊருக்கு அது முதலுதவியாகத் தெரியவில்லை. ஒரு பஸ் நிறைய ஜனம் பார்க்க, ஊரும் வேறு சனமும் வேறான ஒருவன் பெண்ணின் கையைப் பிடித்துவிட்டான். சாயங்காலத்துக்குள் சேதி வீட்டுக்கு வந்தது. அப்பா மில்லுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

பஸ் நிற்கவில்லை. பீப்பாயில் சேரும் சாம்பலை வழியில் எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும்? மறுநாளிலிருந்து கிளீனர் அதை அருக்காணி வீட்டுக் காட்டோர வளைவில் கொட்டினான். மழையானாலும் அங்கேதான். பஸ்ஸில் இருந்தவர்கள் நேரமாகிறது என்று வாயில் வந்தபடி ஏசினார்கள். அவன் பாட்டுக்குக் கொட்டினான். இவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் வேலியோரம் நின்றார். பேச்சு கிடையாது.

“எங்கம்மா அந்தச் சாம்பல அள்ளியாந்துதானுங் ஏனம் வெளக்குவா. ‘நல்ல சாம்பலு, நைசா இருக்குது’ம்பா. ஆரு கொட்டறா, எதுக்குக் கொட்டறான்னு அவளுக்கென்ன தெரியும்!”

“ஆத்தா! ஸோ ரொமான்டிக்!” என்று செல்வி கட்டிலைத் தட்டினாள்.

“என்ன சொல்றா இவ?”

“நல்ல சாம்பல்னு சொல்றா” என்றேன்.

ஒருநாள் சாம்பல் நின்றது. பட்டாளத்துக்கு லாரி ஓட்ட ஆள் எடுத்தார்கள், கிளீனர் வண்டி ஓட்டக் கற்றிருந்தான், போய்விட்டான். பர்மாப் பக்கம் என்று யாரோ சொன்னார்கள். இங்கே அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டும். அருக்காணி தட்டை ஏந்தி வரவில்லை. மேசைமேல் வைத்து, மடங்கிய கையால் அவர்கள் பக்கம் தள்ளினார். வந்தவர்கள் கையைப் பார்த்தார்கள். ‘புள்ளைக்குக் கை வெளங்காதாட்ட இருக்குதே’ என்று எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்களும் போனார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. “புண் ஆறின உடனே தினமும் விரலை நீட்டி மடக்கியிருந்தா இப்படி இறுகியிருக்காதே. கொஞ்சம் வலிச்சிருக்கும், அவ்வளவுதான். யாரும் சொல்லலையா?”

“வைத்தியரு சொன்னாருங்க, நீட்டி மடக்கச் சொல்லி.”

“செய்யலையா?”

“செஞ்சா கை சரியாயிருக்கும். கை சரியானா அப்பவே கட்டிக் குடுத்திருப்பாங்களே அம்மிணி!”

இத்தனை வருஷ வேலையில், உடம்பைத் தேற்றிக்கொள்ளப் பாடுபட்டவர்களையும் பாடுபடாதவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே விரலை முடக்கி வைத்து ஒருவனுக்காகக் காத்திருந்த நோயாளி இவர் ஒருவர்தான்.

சண்டை முடிந்து அந்தக் கிளீனர் பழனியப்பன் பட்டாள உடுப்போடு வந்து நேரே அப்பாவிடமே கேட்டாராம். வேறு யாரும் வரப்போவதில்லை என்று ஆன பிறகு அப்பாவுக்கு ஊரும் சனமும் பெரிதாகத் தெரியவில்லை. “‘கை வெளங்காத புள்ள, பொறவு கொறை சொல்லப்படாது’ன்னாரு எங்கய்யன். ‘அந்தக் கை எனக்குத் தெரியுமுங்க’ன்னாரு இவரு.” இதைச் சொல்லிவிட்டு அருக்காணியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரத்தில் அங்கீட்டிப் புகை இல்லை. வெயில்தான் இருந்தது.

அப்போதுதான் சுவரோரம் நின்ற வாக்கரைப் பார்த்தேன். அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டும். இந்த வலது கை எதையும் இறுகப் பிடிக்காது. பிடிக்க முடியவில்லை என்று சொல்வதைவிடக் கோழிக் கூண்டு என்று கேலி செய்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் கை மட்டும் காரணமில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கேட்டேன்: “அன்னிக்கு ஒருத்தருக்காகக் கையை முடக்கி வச்சீங்க. சரி. இப்ப யாருக்காகக் காலை முடக்கி வச்சிருக்கீங்க?”

மாத்திரை டப்பா என் பக்கம் வந்தது. நான் அதிகம் பேசிவிட்டேனோ என்று செல்வி பயந்தாள். நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை நான் நுழையும்போதே, “அந்தச் சாப்பாட்டு நாற்காலிய இக்கட்டக் கொண்டாங்க அம்மிணி” என்றார். கனமான மரநாற்காலி. அதன் முதுகில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தார். பிடிக்கவில்லை, வைத்தார். நான் இடுப்பைத் தாங்கினேன். நாற்காலி தரையைப் பிறாண்டிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது, பின்னாலேயே அவரும். “ஷாபாஷ் ஆத்தா!” என்று செல்வி கத்தியதில் பஞ்சாபி அம்மாள் கொல்லையிலிருந்து ஓடிவந்துவிட்டார். பொங்கலுக்குள் நாற்காலி சமையலறை வரை போய்விட்டு வந்தது. மருமகள் தரையில் விழுந்த கோடுகளைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து ஜன்னலைச் சாத்தாமல் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

எனக்குக் கூலி பேசியிருந்தார்கள். அது தவறாமல் வந்தது. அது தவிர, போனதும் முதல் டம்ளர் காப்பி என் பக்கம் தள்ளப்படும். தான் குடிப்பதற்கு முன்னால். ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் தெரிந்த வேலையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இந்த வீட்டில் கேட்டார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனாலும் வீட்டு வாசலைத் தாண்டமாட்டேன் என்பது அவர் கட்சியாக இருந்தது. “உள்ள நடந்தாப் போதுமுங்க. வெளிய ஆரு என்னயத் தேடறா?”

டாக்டரிடம் போக வேண்டிய அன்று கடும் பனிமூட்டம். ராஜசேகரனும் நானுமாகத் தூக்கிக் காரில் பின்சீட்டில் உட்காரவைத்தோம். பழைய ஃபியட். சாவியைத் திருப்பினால் இருமியது, கிளம்பவில்லை. மறுபடி இருமிவிட்டு அடங்கிப்போனது. செல்வி இறங்கினாள். பஞ்சாபி அம்மாளின் கணவர் சால்வையை இறுக்கிக்கொண்டு வந்தார். பால் வாங்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர் கேனைக் கீழே வைத்தார். நானும் இறங்கினேன்.

“நீங்க உக்காந்துக்கங்கம்மா! எறங்க வேண்டாம்!” என்று ராஜசேகரன் முன்சீட்டிலிருந்து கத்தினார்.

“எறக்குங்க அம்மிணி” என்றார் அருக்காணியம்மாள் என்னிடம். “நேரமாச்சுன்னா டாக்குட்டரு கேட்டச் சாத்திப்போடுவாரு.”

ஈரத் தரை. நான் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவருடைய முறிந்த பக்கத்துக் கால் அதற்குள் கதவுக்கு வெளியே வந்து தரையைத் தேடிக்கொண்டிருந்தது. இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். மறுபுறம் செல்வி. காரின் பக்கவாட்டிலேயே சாய்ந்து நகர்ந்து பின்னால் வந்து சேர்ந்தார். டிக்கியின் தகடு பனியில் நனைந்து ஐஸாகக் கிடந்தது. இரண்டு காலையும் ஊன்றி நின்றார். வலது கையை நீட்டி, முதலில் புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையைத் திருப்பி, மடங்கிய விரல்கள் மடங்கியபடியே இருக்க, உள்ளங்கையைப் பதித்துத் தள்ளினார்.