மகிஷாசுரனுக்கு மாமாவின் முகம்

எங்கள் தாராவித் தெருவில் நவராத்திரிக்குப் பந்தல் போட்டுத் தேவி சிலை வைக்கிற மண்டலுக்கு, சிலை செய்து கொடுக்கிறவர் ஒரு மராத்திக்காரர். தேவியின் முகத்தை அவர் அச்சில்தான் வார்ப்பார். வருடா வருடம் அதே மூக்கு, அதே புன்னகை. சிங்கத்துக்கும் அச்சு உண்டு. அசுரனுக்கு மட்டும் கிடையாது. அந்த வருடம் கண்ணில் பட்ட யாராவது ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, அந்த முகத்தைப் பார்த்துக் கையாலேயே பிசைந்து வைப்பார். ஏன் என்று கேட்டால், தேவி ஒருத்திதான், ராட்சசர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்களே என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் அவர் கண்ணில் பட்டது என் மாமா. அம்மாவுக்குத் தம்பி, எங்களோடுதான் இருந்தார். தோல் பைகளை ஏற்றிக்கொண்டு டெம்போ ஓட்டுவது அவர் வேலை. அந்த டெம்போவைச் சிலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்துவது அவர் செய்த பாவம். சுருட்டை முடி, அகன்ற தோள், கீழே இறங்கிய மீசை. இது போதாதா?

மாமாவை ஸ்டூலில் உட்கார வைத்தபோது நானும் கூடப் போயிருந்தேன். "ஆங்க் படா கரோ பாய், குஸ்ஸா திக்காவ்" என்று சிலைக்காரர் கத்திக்கொண்டே இருந்தார். கண்ணைப் பெரிதாக்கு, கோபத்தைக் காட்டு என்று அர்த்தம். மாமாவுக்குக் கண் பெரிதாகும், கோபம் வராது. வந்தால்தானே காட்டுவதற்கு? சயான் சிக்னலில் பிடிக்கிற ஹவல்தாரை நினைத்துக்கொள் என்றார்கள். மாமா நினைத்துப் பார்த்துவிட்டு, பாவம் அந்த ஆளும் வெயிலில் நிற்கிறார் என்றார். கடைசியில் சிலைக்காரர் அலுத்துப்போய், பல்லை மட்டும் காட்டச் சொல்லிவிட்டு, கோபத்தைத் தானே களிமண்ணில் சேர்த்துக்கொண்டார். ஊரிலேயே கோபம் வராத மனிதனைத் தேடிப்பிடித்து அசுரனாக்கிய அநியாயத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

விஷயம் தெரிந்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கிறுக்குப் பயல, போயும் போயும் அசுரனாவா ஒக்காருவ? பொண்ணு பாத்துட்டு வந்துருக்க நேரத்துல!"

"யக்கா, அம்மன் காலு நெஞ்சுல படுதுன்னா சும்மாவா? எத்தன பேருக்குக் கெடைக்கும்?" என்றார் மாமா. அவர் அதை மனதாரத்தான் சொன்னார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன்.

வர்ணம் அடித்த அன்று பெருமையில் பாதி போய்விட்டது. மாமா மாநிறம். என்னைவிடச் சிவப்பு என்று அம்மாவே சொல்லுவாள். தேவிக்கு ரோஜா நிறம் பூசியவர், மாமாவுக்கு அடுப்புக்கரியைக் குழைத்ததுபோல் ஒரு கறுப்பை அப்பியிருந்தார். கண்ணில் சிவப்பு, கடைவாயில் கோரைப்பல், தலையில் கொம்பு. மாமா இப்படி இல்லையே என்று கேட்டேன். "ராக்ஷஸ் ஹை நா பேட்டி" என்று பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார். ராட்சசன்தானே, வேறு எப்படி இருப்பான் என்று!

எப்படி இருப்பான் என்று நான் பிறகு தேடித் தேடிப் பார்த்தேன். போகிற ஊரிலெல்லாம் கோயிலோ மியூசியமோ இருந்தால் நுழைந்துவிடுவேன். மிகப் பழைய சிலைகளில் மகிஷன் வெறும் எருமை. கொம்பும் வாலுமாக ஒரு மிருகம், அவ்வளவுதான். மகாபலிபுரத்துக் குகையில் அவனுக்கு எருமைத் தலை, மனித உடம்பு. ஆனால் என்ன மரியாதை! கையில் கதாயுதம், தலைக்கு மேல் குடை, ராஜாவைப்போல நிற்கிறான். தேவி எதிரே வில்லோடு வருகிறாள். யுத்தம் இன்னும் முடியவில்லை. செதுக்கியவன் எதிரியை எதிரியாக மதித்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் எருமைத் தலை கழன்று, உள்ளேயிருந்து மனிதன் வெளியே வருகிறான். கடைசியில் காலண்டர்க்காரர்கள் கையில் மாட்டினான் பாருங்கள், அன்றோடு அவன் குடை போயிற்று, ராஜகளை போயிற்று. கறுப்புத் தோலும் மீசையும் சுருட்டை முடியும் வந்து சேர்ந்தன. நாசரேத் பக்கத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழியின் வீட்டில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். சிறகு வைத்த சம்மனசு ஒருவர் ஈட்டியோடு நிற்பார், காலடியில் சாத்தான். அவனும் கறுப்பு, அவனுக்கும் சுருட்டை முடி. சாமி மாறுகிறது, மதம் மாறுகிறது, மிதிபடுகிறவன் மட்டும் எங்கள் தெரு ஆளாகவே இருக்கிறான். இது என்ன நியாயம்?

பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள் என்று சொன்னேனே, அது காட்கோபரில். பெண் தாதரில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தாள். எங்களோடு கூட்டிப்போன சிறுசு நான் ஒருத்திதான் என்பதால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, என்ன படிக்கிறாய், கணக்கு வருமா என்றெல்லாம் மெதுவாகக் கேட்டாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. இரண்டு பக்கமும் சம்மதம். பெண் வீட்டுப் பெரியவர்கள் ஒரு நடை வந்து எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டால், தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு.

அவர்கள் நவராத்திரிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எங்கள் சந்தின் வாயிலேயே பந்தல். அதைத் தாண்டாமல் ஒரு கொசுகூட உள்ளே வர முடியாது. மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலுக்குப் போய் அவர்களை அழைத்துவந்தார். சும்மா அழைத்துவந்திருக்கலாம். பந்தலில் நிறுத்தி, பெண்ணின் பெரியப்பாவிடம், "பெரியப்பா, கீழ கெடக்கது நாந்தான்" என்று சிரித்தபடி கையைக் காட்டினார். பெரியவர் சிலையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மறுபடியும் சிலையைப் பார்த்தார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர், அம்மா கொடுத்த கலர் சோடாவைத் தொடவே இல்லை.

அம்மாதான் கேட்டாள். "என்ன அண்ணாச்சி, ஒண்ணும் பேச மாட்டேங்கிய?"

"என்னத்தப் பேச? தசரா அன்னைக்கு அதக் கடல்ல கரைப்பிய, இல்லையா?"

"பொம்மைதான அண்ணாச்சி."

"பொம்மைதான். ஆனா மூஞ்சி மாப்ள மூஞ்சி. தாலி கட்டப் போறவன் மூஞ்சிய மேளம் அடிச்சித் தண்ணியில போடுதாவன்னா, அது எங்க புள்ள கழுத்துக்கு ஆகுமா? நீங்களே சொல்லுங்க."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வருடம்தான் எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து படகில் எலிஃபண்டாவுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். "குகையில போய்ப் பாருங்க! சாமியும் அசுரனும் ஒரே கல்லு, ஒரே கலரு! எங்க மாமா மேல கரியப் பூசுனது அந்த ஆளு, எங்க மாமா அப்படி இல்ல!" என்று கத்தினேன். பெரியப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பொட்டப்புள்ளைக்கு வாயப் பாரு" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். இரண்டு நாளில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என்ன அக்கிரமம் பாருங்கள். வீடு சின்னது என்று சொல்லியிருக்கலாம். டெம்போ சொந்தமில்லை என்று சொல்லியிருக்கலாம். மனிதனைப் பார்த்து வேண்டாம் என்றால்கூட ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ளலாம். களிமண்ணைப் பார்த்து வேண்டாம் என்றார்கள்!

அம்மா சிலைக்காரரிடம் ஓடினாள். மீசையையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். பூஜை செய்து அமர்த்திய பிறகு, கரைக்கிறவரை எவனும் கைவைக்கக் கூடாது என்று அவர் காதைப் பொத்திக்கொண்டார். மாமா மட்டும் "விடுக்கா, நமக்கு அம்மன் வேற பாத்து வச்சிருப்பா" என்றார். சொன்னாரே தவிர, அன்றிலிருந்து பந்தல் வழியாக அவர் வரவில்லை. சாக்கடையை ஒட்டி ஒரு நடை உண்டு. பன்றிதான் அதில் போகும். டெம்போவை நிறுத்திவிட்டு அந்த வழியாகச் சட்டையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். சொந்த முகத்துக்குப் பயந்து ஒரு மனிதன் சாக்கடை வழியாக வீடு திரும்புவதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தச் சிலையையும் மண்டலையும் காட்கோபரையும் ஒன்றாகக் கட்டிக் கடலில் போடத் தோன்றியது.

அதனால் சாயங்காலங்களில் நான் பந்தலில் போய் நின்றுகொண்டேன். யார் அசுரனைப் பார்த்துச் சிரித்தாலும் முறைப்பேன். அதைத் தவிர என்னால் வேறென்ன செய்ய முடியும்?

அப்படி நின்றிருந்தபோதுதான் அவள் வந்தாள். காட்கோபர்ப் பெண்ணேதான். தோளில் ஆபீஸ் பை, கையில் டப்பா வைத்த துணிப்பை. வேலை விட்டு வீட்டுக்குப் போகிறவள் சயானில் இறங்கி வந்திருக்க வேண்டும். தனியாக வந்திருந்தாள். பெண்கள் வரிசையில் நின்று மெல்ல முன்னே வந்தாள். எல்லாரும் அண்ணாந்து தேவியைக் கும்பிட்டார்கள். அவள் கையைக் கூப்பினாளே தவிர, பார்த்ததெல்லாம் கீழேதான். மாமாவின் நெற்றி, மாமாவின் மூக்கு, மாமாவின் மோவாய் என்று சாவகாசமாகப் பார்த்தாள். "ஆகே சலோ, ஆகே சலோ" என்று மண்டல் பையன் விரட்டியபிறகுதான் நகர்ந்தாள். போய்விட்டாள் என்று நினைத்தால், சுற்றிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் மறுபடியும் நிற்கிறாள். இரண்டாம் முறை வந்தபோது அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வேறு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாம் என்று சொல்லியனுப்பியது போதாதா, நேரில் வந்து வேறு கேலி செய்ய வேண்டுமா? பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு வருமா என்று கேட்டபோது எவ்வளவு நல்லவளாக இருந்தாள், எல்லாம் வேஷம். அவள் என்னைக் கண்டுகொண்டு, ஏதோ கேட்க வருகிறவள்போல ஓர் எட்டு எடுத்துவைத்தாள். நான் என்னிடமிருந்த முறைப்பையெல்லாம் திரட்டி ஒரு முறை முறைத்தேன். நின்றுவிட்டாள். துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு ஸ்டேஷன் பக்கம் நடந்துபோனாள்.

மறுநாள் தசரா. சிலையைக் கடலுக்குக் கொண்டுபோவது வருடா வருடம் மாமாவின் டெம்போதான். அந்த வருடம் வேறு வண்டி பார்க்கலாம் என்று மண்டல்காரர்களே சொன்னார்கள். மாமா கேட்கவில்லை. பின்னால் தாசா மேளமும் குலால் பொடியும் ஆட்டமுமாகத் தெருவே வர, முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் தன் முகத்தைத் தானே மாஹிம் கரைக்கு ஓட்டிப்போனார். தண்ணீரில் இறக்கியதும் கறுப்புத்தான் முதலில் கரைந்தது. அடியில் வெறும் மண், தேவியின் மண்ணைப் போலவே. நான் கைதட்டினேன். தொலைந்தது சனியன், இனி ஒருவரும் வந்து வேடிக்கை பார்க்க முடியாது என்று அப்படி ஒரு நிம்மதி.

மாமாவுக்குப் பிறகு தாணேயில் பெண் அமைந்தது. நல்ல அத்தைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு நாலு வருடம் ஆயிற்று. அதுவரைக்கும் எந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாலும், காட்கோபர்ப் பிள்ளை இஷ்டப்பட்டு வேண்டாம் என்றாளா, பெரியவர்கள் சொல்லவைத்தார்களா, அது தெரிந்தால் போதும் என்பார் மாமா. அம்மா, அதை எங்கே போய்க் கேட்பது, யாரிடம் கேட்பது என்பாள்.

அந்தத் தசரா அன்று மாஹிமிலிருந்து காலி டெம்போவில் திரும்பும்போது நான் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் மேலும் குலால் பொடி. "ஏட்டி, நேத்துலருந்து உம்முனே இருக்க. என்னன்னு சொல்லு" என்றார். அந்தப் பெண் வந்ததை, இரண்டு தடவை வரிசையில் நின்றதை, சிரித்ததை எல்லாம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஒரு பெண் எதற்காக அப்படித் தனியாக வந்து திரும்பத் திரும்ப நிற்பாள் என்று தெரிகிற வயதா அது? ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார், இதையும் சொல்லிப் புண்ணைக் கிளற வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, மாமாமேல் இருந்த பிரியத்தில், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.