இரண்டாவது மாலை

எங்கள் பள்ளிக்கூடத்தில் தேசத்துக்கு எது வேண்டுமானாலும் என் அம்மாவிடம்தான் கேட்பார்கள். தேசத்துக்கு எப்போதும் வேண்டியது பூ. கொடிக்குள் மடித்து வைக்க உதிரிப்பூ, மேஜைக்கு ஒரு தட்டுப் பூ, வருகிறவரின் கழுத்துக்கு மாலை. தோவாளைப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அத்தனையும் இருக்க, எங்கள் வீட்டு வாசலில் மட்டும் பெரிய சார் வந்து நின்றது ஏன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தலைமையாசிரியரை ஊரில் எல்லோரும் பெரிய சார் என்றுதான் சொல்வோம். “தேசத்துக்குத்தானே” என்பார். அம்மா மறுபேச்சுப் பேசமாட்டாள். நாலு வரிசைப் பிச்சிச் செடிகளைச் சந்தைக்குப் பறிக்காமல் பள்ளிக்கூடத்துக்கென்று விட்டுவிடுவாள்.

முதல் சுதந்திர தினத்தன்று நான் சின்னப் பிள்ளை. கொடி அவிழ்ந்தபோது எங்கள் தோட்டத்துப் பூ என் தலையிலேயே கொட்டியது. அன்று பெருமையாகத்தான் இருந்தது. வருஷம் போகப் போகத்தான், பெருமை வேறு, வேலை வாங்குவது வேறு என்று புரிந்தது. மற்றப் பிள்ளைகள் அன்று தலை பின்னிப் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வருவார்கள். நான் விடியற்காலையில் பூப்பறித்து, நனைந்த பாவாடையோடு கூடையைச் சுமந்துகொண்டு போவேன்.

குடியரசு வந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுதான் கடைசி வகுப்பு. அதற்கு மேல் படிக்கத் தூரம் போகவேண்டும். எங்கள் வீட்டில் பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புகிற வழக்கம் இல்லை. அந்த ஆகஸ்ட் பதினைந்துக்குப் பாட்டுப்போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிற பிள்ளை நாகர்கோவிலில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம் என்றார்கள். கோட்டாற்றிலிருந்து மைக் செட் வரும் என்றும் சொன்னார்கள். எனக்கு நன்றாகப் பாட வரும். இதைச் சொல்ல நான் கூச்சப்படப் போவதில்லை; அன்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பாட்டு டீச்சர் தேசத்தைப் பற்றித் தானே ஒரு பாட்டு எழுதி, மூன்று சரணமும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். பூப்பறிக்கும்போதெல்லாம் அதையேதான் பாடினேன். அம்மாவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

காலையில் கொடியேற்றம் பிள்ளைகளோடு முடிந்தது. கூட்டமும் போட்டியும் சாயங்காலம். ஊர்க்காரர்கள் எல்லாம் அதற்குத்தான் வந்தார்கள். ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மைக்கில் பாதி நேரம் காற்றின் சத்தம்தான் கேட்டது. மேடையில் கல்வி அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மா கட்டிய மாலையை அவருக்குப் போட்டார்கள். பிறகு போட்டி தொடங்கியது. பாடுகிற பிள்ளை மைக் முன்னால் வந்து பெயர், வகுப்பு, பாட்டின் முதல் வரி மூன்றையும் சொல்லிவிட்டுப் பாடவேண்டும். நான் ஐந்தாவது.

மூன்றாவது பிள்ளை பாடிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வரமாட்டேன் என்று சொல்லியிருந்த ஒரு பெரிய மனிதர் இறங்கினார். நூறு கோட்டை நெல் விதைக்கிற அளவு வயலுக்குச் சொந்தக்காரர், பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுத் தருவதாக நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். பெரிய சாருக்கு வேர்த்துவிட்டது. கழுத்து இரண்டு, மாலை ஒன்று. வரிசையில் நின்ற என்னிடம் நேராக வந்தார்.

“மக்கா, ஓடிப்போயி அம்மைட்ட இன்னொரு மாலை கெட்டி வாங்கிட்டு வா.”

“சார், அடுத்ததுக்கு அடுத்தது நான்தான்.”

“உன்ன விட்டுட்டுப் போட்டிய முடிச்சிருவேனா? தேசத்துக்குத்தானே, ஓடு.”

ஓடினேன். இன்று நினைத்தாலும் என் காலை நானே முறிக்கத் தோன்றுகிறது. நாற்பது பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார்கள் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சைக்கிள் இருந்தது. ஆனாலும் போனது நான். பூ என்றால் நான், அவ்வளவுதான் அவர்களுக்கு.

வயல் வரப்பில் ஓடி, ஓடையைத் தாண்டி வீட்டுக்குப் போனால், காலையில் பறித்த பூவெல்லாம் சந்தைக்கு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்ததும், “பாடிட்டியா?” என்றுதான் கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. வேலியோரத்து அரளியையும் மிச்சமிருந்த கேந்திப்பூவையும் ஒடித்துக்கொண்டு வந்து வாழைநாரில் கட்டத் தொடங்கினாள். அம்மாவின் கை அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. கட்டக் கட்டத் திட்டினாள்.

“வந்தவனுக்கு மாலை இல்லேன்னா கழுத்து முறிஞ்சா போவும்? பாடிட்டு வாறேன்னு சொல்ல ஒனக்கு வாயி இல்லியா?”

“சொன்னேன்.”

“பொறவு?”

வாழையிலையில் மாலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பவும் ஓடினேன். அம்மா இடுப்புச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

நான் பந்தலுக்குள் நுழைந்தபோது கைதட்டல் கேட்டது. வேறொரு பிள்ளை கையில் எவர்சில்வர் கிண்ணத்தோடு மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டாவது சரணத்தை மறந்து முதல் சரணத்தையே இரண்டு தடவை பாடியது என்று பிறகு கேள்விப்பட்டேன். பாவம், அதற்குப் பரிசு கொடுத்தால் அது என்ன செய்யும். பெரிய சார் என் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டே சொன்னார்.

“நேரம் ஆயிட்டு மக்கா. அவியளுக்கு வேற ஊருக்குப் போணும். அடுத்த வருஷம் பாடலாம்.”

அடுத்த வருஷம் எனக்கு அங்கே வகுப்பே இல்லை. அது அவருக்குத் தெரியும். என் பெயரைப் பதிவேட்டில் எழுதியவரே அவர்தான்.

மாலையைப் போட்டார்கள். அந்த மனிதர் அதைக் கழுத்தில் வாங்கிய கையோடு கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். ஒரு தும்மல் நேரம்கூட அது அவர் கழுத்தில் கிடக்கவில்லை. இதற்காகவா ஓடினேன் என்று எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. மேடையில் யாராவது மாலையை வாங்கி உடனே கழற்றினால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். என் பிள்ளைகள் என்னைக் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

கடைசியில் தேசிய கீதம். புதிதாக வந்த கீதம் அது. அதுவரை எங்களுக்குச் சமஸ்தானத்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டுத்தான் தெரியும். ஐந்து பெண்பிள்ளைகளுக்கு டீச்சர் புதுக் கீதத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் எடுத்துக் கொடுக்கவேண்டும், மற்ற நாலு பேரும் சேர்ந்துகொள்ள வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அது எந்தப் பாட்டு, எந்த மொழி என்பதுகூடத் தெரியாது. பெரிய சார் மைக்கில் அறிவித்தார்: “எல்லாரும் எந்திரிச்சு நேரா நில்லுங்க. பாட்டு முடியது வரைக்கும் ஒருத்தரும் கைகால அசைக்கப்பிடாது. அசைச்சா தேசத்துக்கு மரியாதக் குறைச்சல்.”

எல்லோரும் எழுந்தார்கள். மேடைக்குப் போன என்னைப் பார்த்து அந்தப் பெரிய மனிதர், “இது யாரு பிள்ளை?” என்று கேட்டார்.

“நம்ம பூக்காரி மவ” என்றார் பெரிய சார்.

ஐந்து வருஷம் தினமும் காலையில் என் பெயரைக் கூப்பிட்ட வாய் அது. ஒழுங்காகப் பாடிவிட்டு இறங்கவேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் மாறிப்போனது. மைக் முன்னால் போய் நின்று, என் பெயரைச் சொன்னேன். ஐந்தாம் வகுப்பு என்றேன். டீச்சர் எழுதிய பாட்டின் முதல் வரியைச் சொன்னேன். பிறகு அதைப் பாடத் தொடங்கினேன்.

பக்கத்தில் நின்ற நாலு பேரும் வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். கல்வி அதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. அவர் பெரிய சாரைப் பார்த்தார், பெரிய சார் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் அசையவில்லை. அசையக்கூடாது என்று சொல்லியாகிவிட்டதே. அந்தப் பெரிய மனிதர் இதுதான் புதுக் கீதம் என்று நம்பி, கைகளைத் தொடையோடு ஒட்டி, கண்ணை மூடி நின்றார். ஊரே அப்படி நின்றது. பந்தல் ஓரத்தில் அரளிப்பால் பிசுபிசுத்த கையோடு அம்மா நின்றாள். அது எந்தப் பாட்டு என்று அவளுக்குத் தெரியும். அவளும் அசையவில்லை.

மறுநாள் பிரம்படி கிடைத்தது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, செய்ததற்குக் கிடைத்தது. கிண்ணம் கிடைக்கவில்லை. நாகர்கோவிலுக்கும் நான் போகவில்லை. ஆனால் அன்று மூன்று சரணமும் பாடினேன். போட்டியில் பாடுவதுபோலவே கடைசிச் சரணத்தை நிறுத்தி, நிதானமாக, இரண்டு தடவை பாடினேன். நான் முடிக்கும்வரை ஒருவரும் உட்காரவில்லை.