சொல்லாத இலக்கம்

இந்தியாவும் இலங்கையும் மீன்பிடிச் சிக்கலில் முட்டிக்கொள்வதை ஆராய்ந்து எழுதுவதுதான் என் தொழில். மாநாடுகளில் ‘இரு தரப்பு நல்லுறவு’ என்று பேசிப் பேசி எனக்கே அலுத்துவிட்டது. அந்த அலுப்போடுதான் முல்லைத்தீவுக் கரைக்குப் போனேன்.

அங்கே அந்தோனி அண்ணையின் வலையை முதல் நாள் இந்திய இழுவைப்படகு ஒன்று அறுத்துக்கொண்டு போயிருந்தது. படகின் இலக்கத்தைக் கண்டவர் அவர் மட்டும்தான். அது கிடைத்தால் முறைப்பாடு செய்யலாம். என் அறிக்கைக்கும் ஆதாரமாகும்.

“இலக்கத்தைச் சொல்லுங்கோ அண்ணை.”

அவர் அறுந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சண்டைக்குள்ள நாங்கள் இந்தியாவுக்கு அகதியாப் போய் இருந்தனாங்கள். அப்ப என்னை வேலைக்கு எடுத்துச் சோறு போட்ட மனுசன்ர படகு அது. எப்பிடித் தம்பி சொல்லுறது?”

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி வெளியே வந்தார். “அந்தச் சோத்தை நானும் திண்டனான். அதுக்காக என்ர பிள்ளையள் பட்டினி கிடக்கிறதோ? சொல்லுங்கோவன்!”

தீர்ப்புச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன் என்பதுபோல இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு எழும்பினேன்.

“சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்” என்று அண்ணையின் மனைவி மறித்தார்.

மூன்று பேருக்கும் சோறும் கறியும் வந்தன. ஒரு வாய் வைத்ததுமே விளங்கிவிட்டது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மீனவர் வீட்டில், எனக்குப் போட்டது கடையில் வாங்கிய, தகரத்தில் அடைத்த ரின்மீன்.

மேடைகளில் இப்போதும் பேசுகிறேன். ‘இரு தரப்பு’ என்று சொல்லும்போது மட்டும் இரண்டு நாடுகளும் நினைவில் வருவதில்லை. அந்த வீட்டில் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்ட இரண்டு பேர்தான் வருகிறார்கள்.